பிரிக்காமல் திரும்பி வந்த ஐந்து சோப்புகள்

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். இவர் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். ஒரே மகன், வயது 15. பத்தாம் வகுப்பில் 463 மார்க். "இங்கே இருந்தா செல்போனும் கையுமா கெடப்பான், ரெண்டு வருஷம் நாமக்கல் பக்கம் போட்டுட்டா டாக்டர் சீட்டு நிச்சயம்" என்று கணவரோடு வேலை செய்பவர் சொன்னதைக் கேட்டு, நகையை அடகு வைத்து, அந்த மாவட்டத்தில் ஓர் உறைவிடப் பள்ளியில் ப்ளஸ் ஒன் பயாலஜி குரூப்பில் சேர்த்திருக்கிறார்கள். முதல் வருடக் கட்டணம் விடுதியோடு சேர்த்து இரண்டேகால் லட்சம்.

ஜூன், ஜூலையில் ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதானாம். ஆகஸ்ட்டில் அழுகை நின்றுவிட்டது. "நல்லா இருக்கேன்மா, சாப்ட்டேன்மா, வச்சிடறேன்மா." இந்த மூன்று வாக்கியம்தான். பழகிவிட்டான் என்று நிம்மதியாக இருந்தவருக்கு, காலாண்டு விடுமுறையில் வந்து இறங்கிய பிள்ளையைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. ஆறு கிலோ இளைத்திருந்தான். விடிகாலை நாலரைக்கு எழுந்து, விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தட்டில் போட்டதை ஐந்தே நிமிடத்தில் விழுங்கிவிட்டு எழுந்தான். திரும்ப அனுப்பும்போது கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறும் முன் வாந்தி எடுத்தான்.

வார்டனிடம் கேட்டால், "எல்லாப் பசங்களும் இப்படித்தான். நீங்க அடிக்கடி பேசாதீங்க, ஏங்கிடுவான்" என்கிறார். டி.சி. கேட்டால், இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறது அலுவலகம். கணவரோ, "பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் ஓட்டிட்டா போதும்" என்கிறார். "நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனா? பாட்டிக்கு உடம்பு முடியலன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்துடலாமா? வந்தா ஒரு வருஷம் வீணாகிடுமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

பெற்ற பிள்ளை ஆறு கிலோ இளைத்து வந்து நின்றதைப் பார்த்துப் பதறுவதற்குப் பெயர் செல்லம் இல்லை. அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட சில விஷயங்களைப் பேச வேண்டியிருக்கிறது.

அழுகை நின்றது பற்றி

விடுதியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஏங்குவது இயல்பு. முதல் சில வாரங்கள் கடுமையாக இருக்கும். பகலில் வகுப்பு, விளையாட்டு என்று ஓடிவிடும். சாயங்காலமும் படுக்கப் போகும் நேரமும்தான் பாடாய்ப் படுத்தும். வயிற்றுவலி, தலைவலி என்பார்கள். பேச்சுத் துணைக்கு ஒரு சிநேகிதன் கிடைத்து, சாப்பாடும் பழகிவிட்டால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மெல்ல மெல்லக் குறைந்துவிடும். வார்டன் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் ஏக்கம் குறைந்த பிள்ளைக்குச் சாப்பாடு உடம்பில் ஒட்டும், தூக்கம் வரும், வீட்டுக்கு வந்தால் விடுதிக் கதைகள் வாயிலிருந்து கொட்டும். உங்கள் மகனுக்கு அழுகை மட்டும்தான் நின்றிருக்கிறது. உடம்பு தேய்ந்துகொண்டே போகிறது. பத்து நாள் விடுமுறையில் ஒரு நண்பனின் பெயரையாவது அவன் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அழுது பயனில்லை என்று முடிவு செய்துவிட்ட பிள்ளையும் அழுகையை நிறுத்திவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தீர்களா? நான் பார்த்த விடுதிகள் பலவற்றில் அது வார்டனின் மேஜைமேல் இருக்கும். ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள். பின்னால் இருபது பையன்கள் வரிசையில் நிற்பார்கள். அப்படி ஓர் இடத்தில் நின்று பதினைந்து வயதுப் பையன் "நல்லா இருக்கேன்மா" என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? தினம் நாலு தடவை போன் செய்து "சாப்பிட்டியா, அழாதே" என்று கேட்டால் ஏக்கம் கூடும்தான். அதற்காக வாரம் ஒரு முறை பத்து நிமிடம் பிள்ளை தனியாகப் பேசக்கூட இடம் தராத விடுதியை நான் ஏற்க மாட்டேன்.

அந்தச் சோப்புகள்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், துணி துவைத்ததைப் பற்றி எழுதும்போது ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஜூன்ல ஆறு சோப்பு வச்சு அனுப்பினேன், அஞ்சு பிரிக்காம அப்படியே பெட்டியில இருந்துச்சு, சிக்கனமா இருந்திருக்கான் போல." உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த வரி இதுதான்.

நாமக்கல் வெயிலில் நூறு நாளைக்கு மேல் ஒரே ஒரு சோப்பு. காரணம் பலவாக இருக்கலாம். முந்நூறு பேருக்கு இருபது குழாய் வைத்து, ஐந்து மணி மணியடிப்பதற்குள் குளித்து முடிக்கச் சொன்னால், உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடத்தான் நேரமிருக்கும். தண்ணீர்ப் பஞ்சம் இருக்கலாம். மனச்சோர்வு முற்றிய பிள்ளைகளுக்குக் குளிப்பது, தலைவாருவது எல்லாம் மலையேறுவது போல ஆகிவிடும், அதுவாகவும் இருக்கலாம். அல்லது குளியலறைப் பக்கம் போகவே அவன் அஞ்சலாம்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் அழைத்துவரப்பட்ட ஒரு விடுதி மாணவன் இரவு மூன்று மணிக்கு எழுந்து குளிப்பான். கேட்டால், "அப்பதான் சார் தண்ணி நல்லா வரும்" என்பான். நாலாவது சந்திப்பில்தான் அங்கே குளியலறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பெரிய பையன்கள் கதவைத் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார்கள் என்றான். இருபது ரூபாய்த் தாழ்ப்பாள். அது இல்லாததால் அந்தப் பிள்ளைக்கு ஐந்து மாதத் தூக்கம் போயிருந்தது. காரணம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதைப் பிள்ளை சொல்லும்படி நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிக் கேட்பது? "யாராவது உன்னை ஏதாவது செஞ்சாங்களா?" என்று தொடங்காதீர்கள். "ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்திக்கொள்வான். "காலைல எழுந்ததுலேர்ந்து ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்லுடா" என்று கேளுங்கள். எழுந்தது, பல் விளக்கியது, குளித்தது, சாப்பாட்டு வரிசை, படிப்பு நேரம், படுக்கை என்று அவனாகவே போவான். எந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கிறானோ அங்கே மெதுவாகத் திரும்பி வாருங்கள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்பதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால் இந்த வயதுப் பையன்கள் கொஞ்சம் வாய் திறப்பார்கள். அவன் எதைச் சொன்னாலும் "ஐயோ" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம், அடுத்ததை விழுங்கிவிடுவான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். சொல்ல வேண்டி வரலாம்.

அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றால் அது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. 18 வயதுக்கு உட்பட்டவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி குற்றம். பாலியல் சீண்டல் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் வரும். அது பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைக்கும் பள்ளி நிர்வாகமும் அந்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. 1098 குழந்தைகள் உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம். "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" என்ற தொனியில் ஒரு வார்த்தை வந்தாலும் யோசிக்காமல் அன்றைக்கே அவனைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்னொன்று. ஆறு கிலோ இளைப்பையும் வாந்தியையும் மனசுதான் காரணம் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, காசநோய் எதுவும் இல்லை என்று ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வில்லிவாக்கத்திலிருந்து கே.எம்.சி. எனும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை பக்கம்தான். பொது மருத்துவம், மனநலம் இரண்டு பிரிவுமே அங்கே உண்டு.

பொய் வேண்டாம்

பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி அழைத்து வந்தால், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவன் பாட்டிக்காகப் பயந்துகொண்டே வருவான். வீட்டில் பாட்டி முறுக்கு சுற்றிக்கொண்டு இருப்பதைப் பார்த்ததும் நிம்மதி வரும். அடுத்த நிமிடம், உண்மையைச் சொன்னால் யாரும் தன்னை அழைத்து வந்திருக்க மாட்டார்கள் என்று புரிந்துகொள்வான். அவன் இப்போது உங்களிடம் உண்மை பேச வேண்டும். அதற்கு நீங்கள் முதலில் பேச வேண்டும்.

பொய்க்குத் தேவையும் இல்லை. பெற்றோர் நேரில் போய் எழுதிக் கொடுத்து அழைத்தால், அனுப்ப மாட்டேன் என்று பிடித்துவைக்க எந்த விடுதிக்கும் உரிமை கிடையாது.

டி.சி., பணம், வருடம்

நான் வழக்கறிஞர் இல்லை. இப்படிப்பட்ட குடும்பங்களோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டி டி.சி. வாங்கிவிடலாம் என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் 14 வயதுவரை, எட்டாம் வகுப்புவரைதான். உங்கள் மகனுக்கு அது உதவாது. உதவக்கூடியது வேறு: டி.சி.யைக் கட்டண பாக்கி வசூலிக்கும் கருவியாகப் பள்ளிகள் பயன்படுத்தக் கூடாது, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. பாக்கி இருந்தால் சட்டப்படி வசூலிக்கப் பள்ளிக்கு வேறு வழி உண்டு. எனவே டி.சி. வேண்டும் என்று இருவரும் கையெழுத்திட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். டி.சி.யோடு, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸிலும் அவன் பெயரைப் பள்ளி விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் புதிய பள்ளியில் ஏற்றுவது இழுத்துக்கொண்டே போகும். அலுவலகத்தில் நீட்டும் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். எண் 15100.

பணத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஆறுதலாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. கட்டிய இரண்டேகால் லட்சத்தில் பெரும்பகுதி திரும்பி வராது என்று நினைத்துக்கொண்டே முடிவெடுங்கள். கேளுங்கள், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் "நகை போச்சே" என்பதற்காகப் பிள்ளையை அங்கே விட்டுவைத்தால், நகையும் மீளாது, பிள்ளையும் தேறாது.

வருடம் வீணாகாது. 2025-26 கல்வியாண்டிலிருந்து ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. மாநிலப் பாடத்திட்டத்திலேயே, அதே குரூப்பில் இடமிருக்கும் பள்ளிக்கு மாறினால் அவன் தொடர்ந்து படிக்கலாம். ப்ளஸ் டூவில் தேர்வுக்குப் பெயர் கொடுத்த பிறகு மாறுவதுதான் பெரிய தலைவலி. மாறுவதென்றால் இந்த வருடமே மாறுவது நல்லது. உங்கள் பக்கத்திலுள்ள அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் நேரில் போய் விசாரியுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417இலும் கேட்கலாம். ஒன்று மட்டும்: அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு.

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்

ஐயா, நாள் முழுக்க எண்ணெயிலும் இரும்புத் தூளிலும் நின்று உழைப்பவர் நீங்கள். மகன் அந்த இடத்துக்கு வரக் கூடாது என்று நகையை வைத்திருக்கிறீர்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். விடுதி என்றாலே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அரசு மாணவர் விடுதிகளில் தங்கி, குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆனவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்கு விடுதி இல்லையென்றால் படிப்பே இல்லை. உங்கள் மகனுக்கு வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது.

நாமக்கல் பள்ளிகளுக்கு மாநிலம் முழுக்கப் பெயர் வந்த காலம் வேறு. அப்போது ப்ளஸ் டூ மார்க்கை வைத்து டாக்டர் சீட்டு கிடைத்தது. ப்ளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தால் மார்க் குவிந்தது. 2017இல் நீட் வந்தது. அதே வருடம் ரேங்க் பட்டியல் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. ப்ளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப் போகும் வழக்கத்தைத் தடுக்கத்தான் அந்தப் பொதுத்தேர்வையே கொண்டுவந்தார்கள். இப்போது அதுவும் இல்லை. நீட் கேள்விகளோ இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே இயற்பியலில் இப்போது எந்தப் புத்தகத்தில் எந்தப் பாடம் நடக்கிறது என்று ஆசிரியரிடமே கேளுங்கள். ஐந்து மணி நேரம் தூங்கி, ஐந்து நிமிடத்தில் சாப்பிடும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் மண்டையில் நிற்காது. நீங்களே நைட் ஷிஃப்ட் முடியும் காலையில் லேத்தில் அளவு தவறியிருப்பீர்கள்.

நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் மகன் என்ன படிக்க ஆசைப்படுகிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அவனிடம் கேட்டீர்களா?

என்ன செய்யலாம்

இந்தச் சனிக்கிழமையே இருவரும் போங்கள். சென்ட்ரலில் இரவு ஏறினால், பழனி வழியாகப் பாலக்காடு போகும் எக்ஸ்பிரஸ் நாமக்கல்லிலேயே நிற்கும். வெளியே அழைத்துப் போக அனுமதி வாங்கி, ஒரு பகல் முழுக்க அவனோடு இருங்கள். ஹோட்டலில் பிடித்ததைச் சாப்பிட வையுங்கள். பிறகு கமலாலயக் குளத்தங்கரைப் பக்கம் நடந்துகொண்டே பேசுங்கள். மார்க் பேச்சு வேண்டாம்.

திரும்பக் கொண்டுவிடும்போது விடுதிக்குள் போய்ப் பாருங்கள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஓர் அறையில் எத்தனை பேர், இரவில் அந்த மாடியில் யார் இருக்கிறார், உடம்பு முடியாவிட்டால் எங்கே அழைத்துப் போவார்கள் என்று கேளுங்கள். 2014ஆம் ஆண்டு விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் மாறினா இருந்துக்கறேன்" என்று அவனே சொன்னால், தனியாகப் பேசப் போன், ஆறேழு மணி நேரத் தூக்கம், மாதம் ஒரு முறை நீங்கள் வந்து பார்ப்பது என்று நிபந்தனைகள் பேசி, அரையாண்டுத் தேர்வு வரைக்கும் மட்டும் பாருங்கள். அந்தத் தேதியை அவனிடமும் சொல்லிவிடுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் பிள்ளைகள் தாங்குவார்கள். வர வேண்டும் என்று சொன்னால் அழைத்து வாருங்கள். என் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், அவன் வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை என்றே நினைக்கிறேன்.

வந்தால் முதல் இரண்டு வாரம் தூங்கட்டும், சாப்பிடட்டும். "ஹாஸ்டல்லேர்ந்து ஓடி வந்துட்டானா?" என்று தெருவில் கேட்பார்கள். "நாங்கதான் கூட்டிட்டு வந்தோம்" என்று அவன் காதுபட நீங்கள் சொல்லுங்கள். செல்போன் பற்றி அதற்கப்புறம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

போய்வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்த ஐந்து சோப்புக்கு அவன் சொன்ன காரணத்தை, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள்.